கழுதை வாசித்த கடிதம்

மொட்டை மாடியில் ஆண்டெனாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம். வெயில் இறங்கிய பிறகும் கம்பி சுட்டது. முந்தானையைக் கையில் சுற்றியிருந்தேன். கீழே என் வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"படம் போச்சுக்கா! படம் போச்சு!" என்று கீழேயிருந்து சத்தம்.

"இந்தா, திருப்புறேன்!" என்று மேலிருந்து நானும் சத்தம் போட்டேன்.

திருப்பத்தான் செய்தேன். படம் வருகிற பக்கமாக இல்லை. வராத பக்கமாக.

வீடு என்னுடையது, டிவி என்னுடையது, ஆண்டெனாவும் என்னுடையது. அதை நானே கெடுத்துக்கொண்டு நின்றேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு கழுதை. உயிருள்ள கழுதை இல்லை. துணியில் தைத்து, கைக்குள் மாட்டி ஆட்டுகிற பொம்மைக் கழுதை.

பெட்டி வந்த வகை

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதில் டிவி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் டிவியில் பார்த்த பொம்மைகளைப் பற்றி எழுதுங்கள் என்று வாசகர்கள் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் சின்ன வயதில் டிவி ஏது? அது வந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் செல்வி நாலாம் வகுப்பு. சின்னவன் கண்ணன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். ஆனாலும் அந்தப் பொம்மைகளை என் பிள்ளைகளைவிட ஆசையாகப் பார்த்தது நான்தான். எழுத எனக்கும் பாத்தியதை உண்டு.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். திருமங்கலத்தில் பருத்தி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார், வாரம் பத்து நாள் கழித்து வருவார். ஒரு தடவை வரும்போது கிளீனர் உட்கார வேண்டிய இடத்தில் ஜமுக்காளம் சுற்றி ஒன்று உட்கார்ந்திருந்தது. கிளீனர் பின்னால் தார்ப்பாய்க்கு மேலே உட்கார்ந்து வந்திருந்தான், பாவம்.

"யாருங்க அது?" என்றேன்.

"ஒனக்கு ஒரு சக்களத்தி" என்றார்.

பிரித்தால் டிவி. மரப்பெட்டி, நாலு கால். முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற ஷட்டர். ஷட்டருக்குப் பூட்டுச் சாவி. சாவியை அவர் என் கையில் கொடுத்தார். நாங்கள் இருந்த கோச்சடையில் அப்போது வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வயல் கிடந்தது. எங்கள் தெருவில் அதுதான் முதல் டிவி. சாவியை நான் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன். மாமியார் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கழற்றவில்லை.

ஆண்டெனாவைக் கொடைக்கானல் மலை இருக்கிற பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் கோபுரம் இருக்கிறதாம். காற்றடித்தால் கம்பி திரும்பிக்கொள்ளும். காக்கா உட்கார்ந்தாலும் திரும்பும். திரும்பினால் படம் போய் ஈசல் பறக்கிற மாதிரி புள்ளி புள்ளியாக வரும். ஒருத்தர் மாடியில் ஏறித் திருப்ப, ஒருத்தர் கீழே நின்று "வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போயிருச்சு" என்று சொல்ல வேண்டும். திருப்புகிற வேலையை வேறு யாருக்கும் நான் விட்டதில்லை. கீழே நின்று சொல்கிற வேலை பிள்ளைகளுக்கு.

பெட்டிக்குள் இருந்தவர்கள்

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கான பொம்மை நிகழ்ச்சி வரும். அரை மணி நேரம். மொத்தம் நாலு பொம்மை.

ஒன்று தவளை. பச்சைத் தவளையாம். எங்கள் டிவியில் அது சாம்பல் நிறம்தான். எப்போது பார்த்தாலும் பசி, பசி என்று பாடும். பிள்ளைகள் எல்லாருக்கும் அதைத்தான் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. பசியைப் பாட்டாகப் பாடுகிறவர்களுக்குப் பசி தெரியாது.

இன்னொன்று கொக்கு. முழங்கால் வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே இருக்கும். அப்போது சிரித்தேன். இப்போது சிரிக்க மாட்டேன்.

மூன்றாவது பரங்கி அத்தை. தலை பரங்கிக்காய், கழுத்துக்குக் கீழே கண்டாங்கிச் சேலை. அது பார்க்காத ஊர் இல்லை, அதற்குத் தெரியாத விஷயம் இல்லை. கப்பலைப் பற்றிப் பேசினால் நான் கப்பலே ஓட்டியிருக்கிறேன் என்று சொல்லும். கடைசியில் பொய் வெளியாகிவிடும். அப்போதும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போகும். எனக்கு அதைத்தான் பிடித்தது. "அந்தப் பொய்காரிய ஏம்மா ஒனக்குப் பிடிக்கிது?" என்று கண்ணன் கேட்பான். சேலை நன்றாகக் கட்டியிருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

நாலாவது பொதியப்பன். இதுதான் கழுதை. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும், வாத்தியார் உத்தியோகம். பிள்ளைகள் எழுதிப்போடுகிற கடிதங்களை ஒரு மூட்டையாக முதுகில் சுமந்துகொண்டு வரும். மூட்டையைப் பிரித்து நாலைந்து கடிதத்தை வாசித்துப் பதில் சொல்லும். பேர், ஊர், தெரு எல்லாம் விடாமல் வாசிக்கும். எல்லாம் முடிந்தபிறகு கரும்பலகையில் ஒரு எழுத்து எழுதும். அதை உரக்கச் சொல்லும். சின்னப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொல்ல வேண்டும்.

ஒருநாள் படம் பிடித்தவர் கொஞ்சம் இறக்கிப் பிடித்துவிட்டார். கழுதைக்குக் கீழே ஒரு ஆம்பளைக் கை. கறுப்பு வார் போட்ட கடிகாரம். ஒரு நொடிதான். கண்ணன் என் காதில், "அம்மா, கழுதைய யாரோ பிடிச்சு வச்சிருக்காக" என்றான். அழுகிற குரல். அது கடிகாரம் கட்டிவிடுகிற ஆள்டா, கழுதைக்கு நேரம் பார்க்கணும்ல என்றேன். ஒத்துக்கொண்டான்.

வாசிக்கிற அக்கா

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அந்தத் தெருவில் எனக்குப் பேர் வாசிக்கிற அக்கா. வியாழக்கிழமை வார இதழ் வாங்குவேன். மறுநாள் மத்தியானம் வேலை முடிந்து வாசல்படியில் உட்கார்ந்து அதை விரித்துப் பிடிப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் புளியைக் கொண்டுவந்து கொட்டை எடுத்துக்கொண்டே கேட்பார்கள். தொடர்கதையில் இந்த வாரம் என்ன நடந்தது என்று நான் சொல்வேன். நடுவில் பக்கத்தைத் திருப்புவேன். எச்சில் தொட்டுத்தான் திருப்புவேன்.

எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் செல்வியை அடுப்படியில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வேன். ஒரு தடவை கேட்டால் போதும், எனக்கு மனதில் நின்றுவிடும். ஒரு வாரம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாசிக்க முடியவில்லை. படத்தைப் பார்த்தேன். கதாநாயகி கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு ராமுத்தாய் அழுதே விட்டாள். அடுத்த வாரம் அந்தப் பெண் எழுந்து காப்பி குடிக்கிறாள். வேறு வழியில்லாமல், போன வாரம் செத்தது இவள் கண்ட கனவில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"கனவுன்னு போன வாரமே சொல்லியிருக்கலாம்ல. ஒரு நா பூரா சோறு எறங்கல எனக்கு" என்றாள் ராமுத்தாய்.

"கதை எழுதுறவரு இந்த வாரந்தானே சொல்றாரு. நான் என்ன செய்ய?" என்றேன்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். கண் எரிகிறது, செல்வி வரட்டும் என்பேன். பஸ்ஸில் ஏறும்போது போர்டைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு, கண்டக்டரிடம் "சிம்மக்கல் தானே?" என்று தெரிந்தே கேட்பதுபோலக் கேட்பேன். இதெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொன்னதில்லை. செல்விக்குத் தெரியும். அவளும் சொல்ல மாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். எங்கள் அப்பா வீட்டில் ஆண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், என்னை வயலுக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு வெட்கம் இல்லை, அது அவர்கள் செய்தது. ஆனால் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த முதல் வாரமே ஒருத்தி காகிதம் ஒன்றை நீட்டி, "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பத்து வருஷம் காப்பாற்றினேன்.

தபால் பெட்டி

ஒருநாள் செல்வி ஒரு தபால் அட்டையில் பொடி எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது?"

"பொதியப்பனுக்கு லெட்டர்."

"என்ன எழுதியிருக்க?"

"சும்மாதான். நிகழ்ச்சி நல்லாருக்குன்னு."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். எழுத்து வரிசையாக, கோணாமல் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மடிந்துவிடக் கூடாது என்று ஜாக்கெட்டுக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் கையில் கொடுக்காமல் தூரத்தில் நின்றே காட்டினேன். ராமுத்தாய் படிக்காதவள், அதனால் தைரியமாக அவள் கையிலேயே கொடுத்துக் காட்டினேன்.

"எம் மக எழுதியிருக்கா. டிவில வாசிப்பாக. நம்ம தெருப் பேரு வரும், காதக் குடுத்துக் கேளுங்க."

தபால் பெட்டியில் நானே போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்தும் பார்த்தேன்.

நாலு நாள் கழிந்தது. கண்ணனுக்குச் சோறு பிசைந்து போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, பொதியப்பன் ஒனக்கு எழுத்துச் சொல்லித் தரப் போகுது."

"எனக்கு எதுக்குடா?"

"அக்கா லெட்டர்ல எழுதியிருக்குல்ல. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி நடிக்கிறாக, நீங்க சொல்லிக் குடுங்கன்னு."

கையிலிருந்த உருண்டை அப்படியே நின்றது. செல்வி வாசலைப் பார்த்து ஓடப் பார்த்தாள். பின்னலைப் பிடித்துவிட்டேன்.

"எதுக்குடி எழுதுன?"

பின்னலை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"சொல்லுடி."

"நீதானம்மா சொன்ன. கழுத கூடப் படிக்குது, எனக்குத்தான் வரலன்னு. அடுப்படில நின்னு சொன்ன. நான் கேட்டேன்."

சொல்லியிருப்பேன். தனியாக நிற்கும்போது ஆயிரம் சொல்கிறோம். பின்னலை விட்டுவிட்டேன். அடிக்கவில்லை. அடித்தால் எதற்கு என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

மறுநாள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்த் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பெட்டிக்குள் அது இல்லை என்று தெரியும். இருந்தும் நின்றேன். கடிதத்தைக் கொண்டுபோய்ப் போட்டது நான். காதைக் கொடுத்துக் கேளுங்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்ததும் நான்.

காய்ச்சல்

முதல் சனிக்கிழமை ஷட்டரைத் திறக்கவில்லை. காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்துக்குள் மூன்று வீட்டிலிருந்து மூன்று கஷாயம் வந்தது. ராமுத்தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடு ஒண்ணும் இல்லையேக்கா."

"உள்காய்ச்சல்."

"அப்பச் சரி. நீங்க படுத்திருங்க. சாவிய மட்டும் குடுங்க, நாங்க சத்தமில்லாமப் பாத்துக்கிறோம். இந்த வாரம் செல்வி லெட்டர் வந்தாலும் வருமுல்ல? நீங்க இல்லாட்டி நாங்களாவது கேக்கணும்ல."

தாலிக்கொடியில் இருக்கிற சாவியை எப்படிக் கழற்றிக் கொடுப்பது என்று கேட்டேன். அவள் கழற்ற வேண்டாம், எழுந்து வந்து நீங்களே திறந்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள் என்றாள். திறந்தேன். அந்த வாரம் கடிதம் வரவில்லை. மூன்று கஷாயத்தையும் குடிக்க வேண்டியதாகிவிட்டது. அதில் ஒன்றில் வேப்பிலை.

பூட்டிவைப்பது நடக்காது என்று அன்றைக்குத் தெரிந்தது. வாராவாரம் காய்ச்சல் வர முடியாது. டிவி கெட்டுப்போச்சு என்று சொன்னால் என் வீட்டுக்காரர் ரிப்பேர்க்காரரைக் கூட்டிவருவார். படுத்துக்கொண்டே மேலே பார்த்தேன். கூரைக்கு மேலே கம்பி இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

மூன்று சனிக்கிழமை

அதற்குப்பிறகு எல்லாம் கணக்காக நடந்தது. தவளை பாடும், கொக்கு புலம்பும், பரங்கி அத்தை வந்து பொய் சொல்லும். கழுதை மூட்டையோடு வருகிற சமயம் பார்த்து, துணி எடுத்து வாரேன் என்று மாடிக்கு ஏறுவேன். கம்பியை வைகைப் பக்கம் திருப்புவேன்.

கீழே "படம் போச்சு!" என்பார்கள்.

"காத்து!" என்பேன். மரத்தில் ஒரு இலை ஆடாது.

கொஞ்ச நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிக்கொண்டு நிற்பேன். கழுதை மூட்டையைக் கட்டியிருக்கும் என்று தோன்றும்போது பழையபடி மலைப் பக்கம் திருப்பிவிட்டு, நாலு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவேன். பலகையில் எழுத்து எழுதிக்கொண்டிருக்கும்.

"சரியா அந்த நேரம் பாத்துக் காத்து அடிக்குதே" என்று ராமுத்தாய் சொன்னாள்.

"கொடைக்கானல்ல அந்த நேரந்தான் காத்து வருமாம்" என்றேன்.

இரண்டு சனிக்கிழமை இப்படிப் போனது. செல்வி என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்க்க மாட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன சாயங்காலம். கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு கம்பியைத் திருப்பினேன். படம் போச்சு என்று கத்தினார்கள். இந்தா திருப்புறேன் என்று கத்தினேன். மறுபடியும் "இன்னும் வரலக்கா!" என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வயலில் கொக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று கீழே சத்தம் நின்றுபோனது.

முப்பது பேர், அதில் பாதி சின்னப் பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை. படம் வந்துவிட்டதோ என்று பயந்து கம்பியை இன்னும் நன்றாகத் திருப்பிவிட்டேன்.

"படம் தெரியுதாடி?" என்று கத்தினேன்.

படிப் பக்கமாகக் குனிந்து மறுபடியும் கத்தினேன்.

"ஏ செல்வி! தெரியுதா?"

கண்ணன் குரல் மட்டும் வந்தது. "தெரியலம்மா."

தெரியவில்லை என்றால் சரி. கம்பியைப் பழையபடி வைத்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

சத்தம்

கூடத்தில் எல்லாரும் டிவியைப் பார்க்காமல் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்க இறங்கத் தலைகள் என்னோடு சேர்ந்து இறங்கின. செல்வி சுவரோரம் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"என்ன, பேயப் பாத்த மாதிரி பாக்குறீக? படந்தான் வந்துருச்சே, பாருங்க" என்றேன்.

ராமுத்தாய்தான் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"படந்தான் தெரியலக்கா. சத்தம் நல்லாக் கேட்டுச்சு."

ஆண்டெனா திரும்பினால் படம் போகும், சத்தம் போகாது. இது அந்தத் தெருவில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. படம் போனபோதெல்லாம் நான் மாடியில்தான் நின்றிருக்கிறேன். கீழே உட்கார்ந்து பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். இரண்டு வாரமாக அவர்கள் படமில்லாமலே கழுதை வாசிக்கிற கடிதங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். சத்தம் வருகிறது என்று எவளாவது ஒருத்தி சொல்லியிருக்கலாம். படம் போச்சு என்றுதான் சொன்னார்களே தவிர, சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வருகிற ஒன்றைப் பற்றி யார் சொல்வார்கள்?

துணியைக் கொடியில் போடுவதா, கட்டிலில் போடுவதா என்று தெரியாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நிகழ்ச்சி முடிந்தது. ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். வழக்கமாக வாரேன் அக்கா, போயிட்டு வாரேன் மதினி என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அன்றைக்குச் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

கழுதை என்ன பதில் சொன்னது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. "அம்மாவக் கோவிச்சுக்காதன்னு சொல்லுச்சு" என்பான் கண்ணன். அவனுக்கு அப்போது ஆறு வயது, அவன் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த தெருக்காரி ஒருத்தி, கழுதை சிரித்தது என்று பலகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் அன்றைக்கு என் வீட்டுக்கே வரவில்லை. செல்வியிடம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான், இன்னும் சொல்லவில்லை. தெருவே கேட்டது. கேட்காதது நான் ஒருத்திதான்.

அடுத்த சனிக்கிழமை

அந்த வாரம் நான் வெளியே அதிகம் போகவில்லை. குழாயடிக்குச் செல்வியை அனுப்பினேன். வியாழக்கிழமை இதழ் வாங்கவில்லை. வாசல்படியில் யாரும் வந்து உட்காரவும் இல்லை. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. இருந்திருந்தால் டிவியை விற்றுவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அவரும் விற்றிருப்பார்.

சனிக்கிழமை வந்தது. யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒருவகையில் அதுதான் நல்லது என்றும் பட்டது. நேரம் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. அதற்குப் பின்னால் பெண்கள் வந்து நின்றார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். கதவை நான் திறந்துதான் வைத்திருந்தேன், ஆனால் வா என்று கூப்பிடவில்லை.

மூடி வைத்தால் அத்தோடு முடிந்தது. தெருவில் இன்னொரு வீட்டில் டிவி வாங்கப் போகிறார்கள் என்று பேச்சிருந்தது. அங்கே போவார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற பேச்சும் கொஞ்ச நாளில் பழசாகும். அதற்கப்புறம் நான் வாழ்நாள் முழுக்கக் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டே பஸ் ஏறலாம்.

"என்ன வாசல்ல நிக்கிறீக? காசு கேட்டேனா?" என்றேன்.

உள்ளே வந்தார்கள். ஷட்டரைத் திறந்தேன். எப்போதும் நான் பின்னால் கதவோரம் நின்றுகொண்டு பார்ப்பேன். பெரிய மனுஷி மாதிரி. அன்றைக்கு முன்னால் போனேன். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற முதல் வரிசையில், இரண்டு பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் குசுகுசு என்று பேச்சு. நான் திரும்பவில்லை.

தவளை பாடியது. கொக்கு புலம்பியது. பரங்கி அத்தை அன்றைக்கு என்ன பொய் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. கழுதை வந்தது. காற்று இல்லை. நான் மாடிக்குப் போகவில்லை. யார் யாரோ பிள்ளைகளின் கடிதங்களை வாசித்தது. கடைசியில் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பி, "ஞ" என்றது.

"ஞ" என்றேன். பிள்ளைகளோடு சேர்ந்துதான் சொன்னேன். என் குரல் பெரிய குரல், தனியாகக் கேட்டுவிட்டது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரே ஒரு ஆள். உடனே அடக்கிக்கொண்ட சிரிப்பு.

எழுந்தேன். ஷட்டர் இரண்டையும் இழுத்து மூடினேன். மூடிய ஷட்டருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அவர்களைப் பார்த்து நின்றேன். முப்பது முகமும் தெரிந்தது. யார் சிரித்தது என்று தெரியவில்லை.

"சிரிச்சவக எந்திரிச்சுப் போகலாம். நான் எழுத்துப் படிக்கணும்" என்றேன்.

யாரும் எழவில்லை. உள்ளே கழுதை மட்டும் ஞ, ஞ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"மூடிட்டு நின்னா எப்படிக்கா படிக்கிறது? தொறங்க, அது அழிச்சுட்டுப் போயிரப் போகுது" என்றாள் ராமுத்தாய்.

திறந்தேன். அழித்துவிட்டுப் போய்விட்டது. பலகை மட்டும் இருந்தது. அதுவும் மறைந்து வேறு எதுவோ வந்தது.

எழுத்தின் சத்தம் காதில் இருந்தது. அதன் உருவம் என்ன என்று தெரியவில்லை. பத்து வருஷமாக அந்தத் தெருவில் யாரிடமும் நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நடித்திருக்கிறேன், அது வேறு.

"அது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

செல்வி சுவரோரத்திலிருந்து விரலைத் தூக்கி, காற்றில் ஒரு கோடு இழுத்து, வளைத்து, சுழித்தாள். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பிள்ளையும் விரலைத் தூக்கியது. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் தூக்கியது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக எழுதின. எழுதத் தெரியாத ராமுத்தாயும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து விரலை ஆட்டினாள். கூடம் முழுக்க விரல்.

எல்லாரும் எனக்கு எதிரே உட்கார்ந்து எழுதினார்கள். எதிரே இருந்து எழுதினால் இடது வலதாகிவிடும், எனக்கு அதுகூடவா தெரியாது?

"எதுக்க இருந்து எழுதுனா எனக்கு எப்படி வெளங்கும்? எல்லாரும் எந்திரிச்சு எம் பக்கமா வந்து எழுதுங்க" என்றேன்.

வந்தார்கள்.